நாலில் நின்ற முள்

டிசம்பர் 3, குன்னூர்

வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் என் பக்கத்து ஜன்னல் மூடவில்லை. பர்லியாரைத் தாண்டியதும் காது இரண்டும் மரத்துவிட்டன. கேட்டைத் திறந்த அம்மா முதலில் சொன்னது, "சத்தம் போடாத. தூங்குறான்." பிற்பகல் மூன்று மணி.

கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் அம்மாவின் பீரோவுக்குள் இருக்கின்றன. வெங்காயம் நறுக்கச் சாவி வாங்க வேண்டும். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். "மரம் உளுத்துப்போச்சு," என்றாள். விரலால் அழுத்திப் பார்த்தேன். தேக்கு. உளுக்கவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு ஆன்ட்டி வேலியோரம் நின்று விசாரித்தார். "உங்கண்ணன் எபிக்கு ஃபுட் பாய்சன்னு சொன்னாங்களே, இப்பத் தேவலையா?"

"தேவலை ஆன்ட்டி."

"வெளியில கண்டதையும் சாப்பிட்டா அப்படித்தான்."

"ஆமா ஆன்ட்டி."

டிசம்பர் 5

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறான். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். பூனை சாப்பிட்டது.

டிசம்பர் 6

மாத்திரை அட்டை என் தலையணைக்கு அடியில். வேளைக்கு ஒன்று எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். முன்பு இந்த மாதிரி வீடுகளைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். அந்த நாவல்களில் மனிதர்கள் நீளமாகப் பேசினார்கள், துக்கத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. இங்கே குக்கர் விசில் இருக்கிறது. மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும்.

ஏன் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 8

அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்குமூட்டை. இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது. வேண்டுமென்றே சத்தமாக வெளியே இழுத்தேன். நத்தை ஓடு மாதிரி ஓர் அலுமினியக் கூடு, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறிச் சக்கரம்.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"சூப்பர்சார்ஜர்மா. இன்ஜின்ல இருந்து ஒரு பெல்ட் இதைச் சுத்தும். இது காத்தை இன்ஜினுக்குள்ள திணிக்கும். வண்டிக்கு மூச்சு ஊதிக் குடுக்கிற மாதிரி." பிறகு கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்: "பேரிங் போயிருக்கும் போல. எடைக்குப் போட்டுரலாம்."

அப்புறம் சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல்.

"பேரிங் நல்லாத்தான் இருக்கு. கையால சுத்திப் பாத்துட்டுப் பேசு."

அம்மா சமையலறைக்குப் போய் அழுதாள். நான் சுற்றிப் பார்த்தேன். பேரிங் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 9

எழுந்தான். பல் தேய்த்தான். ஷெட்டுக்குப் போனான். ஆபீசுக்கு எழுதி லீவை நீட்டிக் கேட்டேன்.

டிசம்பர் 15

ஷெட்டில் நிற்பது அவனுடைய பழைய வெள்ளை எஸ்டீம் கார். அவன் கைக்கு இந்த மலையில் ஓடாத வண்டி கிடையாது. ஊரில் பாதிப் பேருடைய ஜீப் அவனிடம்தான் வரும், வந்தது. மாட்டுவது, வெட்டுவது, வெல்டிங் வைப்பது அவன். என் வேலை கம்ப்யூட்டர் பக்கம். சென்னையில் சம்பளத்துக்குச் செய்வதும் அதுதான்: எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாக எண்களை நிரப்புவது. மேப் என்போம். கட்டம் தப்பானால் இன்ஜின் போய்விடும்.

போஜன் வந்தான். அண்ணனோடு பள்ளியில் படித்தவன். லாரியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறவன். ஷெட் வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

"என்னடா இது, செத்த வண்டிக்கு ஆக்சிஜன் வெக்கிறியா?"

அந்தச் சொல் விழுந்ததும் மூவரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். போஜன் தொண்டையைச் செருமினான்.

"ஸ்பேனர் எடுத்துக் குடுக்கட்டா?"

"பதினாலாம் நம்பர்," என்றான் அண்ணன்.

டிசம்பர் 21

இந்த வகை சூப்பர்சார்ஜருக்கு ஒரு குணம் உண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இது இருப்பதே தெரியாது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்காகும். கடைசி ஆயிரம் சுற்றில்தான் முழுவதும் வந்து இறங்கும். அதனால் அடக்க ஒரு வால்வு வேண்டும். காற்றுக் குழாயிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் வால்வுக்குச் சேதி சொல்லும். அழுத்தம் ஸ்பிரிங்கை ஜெயித்ததும் வால்வு திறந்து, மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். எவ்வளவில் திறப்பது என்பது ஸ்பிரிங்கின் கையில்.

வால்வோடு இரண்டு ஸ்பிரிங் வந்தன. சிவப்பு விறைப்பானது, எட்டு பவுண்டு அழுத்தம்வரை பிடித்து நிற்கும். வெள்ளை இளகியது, நாலிலேயே விட்டுக்கொடுத்துவிடும்.

"சிவப்பு போடு," என்றான். போட்டேன்.

டிசம்பர் 25

கோயிலுக்கு வந்தான். பாடவில்லை. பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து வைத்திருந்தான்.

ஜனவரி 4

முதல் ஓட்டம். கட்டபெட்டு ரோடு, காலை ஒன்பது மணி, புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. அவன் ஓட்டினான், நான் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில். அழுத்தம் காட்டும் மீட்டர் இன்னும் மாட்டவில்லை. எண் என் திரையில் மட்டும்தான். பெட்ரோலைத் தாராளமாக ஊற்றி வைத்திருந்ததால் பின்னால் கரும்புகை.

தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நேராக ஒரு துண்டு ரோடு. அழுத்தினான். பெல்ட்டின் ஊளை மேலே மேலே ஏறியது, முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துத் தள்ளினார்கள், திரையில் ஐந்து, ஆறு, எட்டு. அண்ணன் சிரித்தான். வாயைத் திறந்து, பல் தெரிய, சத்தமாக. எத்தனை மாதம் கழித்து என்று எனக்குத் தெரியவில்லை.

நேர்த்துண்டு முடிகிற வளைவில் தடுப்புச்சுவர் இடிந்திருக்கிறது. போன மழையில் போயிருக்கும். நாலு தகர டிரம்மை வைத்துச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிகிறது.

அவன் பிரேக் போட்டான். சரியான நேரத்தில்தான் போட்டான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. திரும்பி வரும்போது அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கி, டிரம்களைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

ஜனவரி 5

அவன் முடிவெட்டப் போயிருந்தபோது வால்வைக் கழற்றிச் சிவப்பு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வெள்ளையைப் போட்டேன். இன்ஜின் பழசு. எட்டு அதற்கு அதிகம்.

வால்வு சீக்கிரமே திறந்தால் சீறுகிற சத்தம் கேட்கும். அதன் வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே இறக்கிவிட்டேன். கேட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க என்று சொல்லலாம்.

கேட்டான். சொன்னேன்.

ஜனவரி 9

மீட்டர் மாட்டினான். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், கறுப்பு முகம், வெள்ளை முள். ஓட்டிப் பார்த்தோம். முள் நாலுக்கு வந்து நின்றது.

"நாலுதான் வருது."

"ம்."

"இதை வித்தவன் எட்டு, ஒம்போது வரும்னானே."

"அது கீழ. இங்க ஆறாயிரம் அடி உயரம். காத்தே கம்மி, அது எங்க போய் திணிக்கும்? அரிசி வேக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அம்மாவைக் கேளு."

"அன்னைக்கு இன்னும் இழுத்துச்சே."

"அன்னைக்குப் பனி. குளிர்ந்த காத்து கெட்டியா இருக்கும்."

நான் சொன்ன ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிற உண்மை. அவன் முள்ளையே பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"அப்ப கீழ போனா வரும்."

"வரும்," என்றேன்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை, ரோடெல்லாம் சுற்றுலா வண்டிகள். போஜன் காலையிலேயே கரும்போடு வந்துவிட்டான்.

"உன் வண்டிக்கு இன்னும் ஆஸ்துமாதானாடா? நேத்து கொலக்கம்பை ஏத்தத்துல என் லாரி உன்னை ஓவர்டேக் பண்ணுச்சு, லோடோட."

"இங்க காத்து கம்மிடா. கீழ வா, காட்டுறேன்."

"இன்ஜினியரம்மா சொன்னாங்களா?"

"சுகி சொன்னா சரியாத்தான் இருக்கும். கீழ காத்து கெட்டி."

இந்த வாக்கியத்தை இப்போது எல்லோரிடமும் சொல்கிறான். பால்காரரிடம் சொன்னான். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம்கூட வேலியருகே போய்ச் சொல்லியிருக்கிறான். தினமும் சவரம் செய்கிறான். பிளேடை அம்மாவிடம் வாங்கி, முடிந்ததும் அவனாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். இரண்டாவது தடவை சோறு கேட்டான். கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள ரேஸ் டிராக்கில் பிப்ரவரி எட்டாம் தேதி யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாமாம். பெயர் கொடுத்துவிட்டான்.

என் பொய்யைச் சாப்பிட்டு உடம்பு தேறிக்கொண்டிருக்கிறது அவனுக்கு. அந்தப் பொய்க்கு இப்போது ஒரு தேதி வந்துவிட்டது.

ஜனவரி 20

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த வண்டி ரொம்ப வேகமாப் போகுமா?"

"போகாதும்மா."

"கீழ போனாலும்?"

"போகாது. நான் பாத்துக்கிறேன்."

"கர்த்தர் உன்னை அனுப்பினார்டி." என் சட்டையை மடித்து, அதன்மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

ஜனவரி 24

ஆபீசிலிருந்து போன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். மரியாதை கூடக்கூட எனக்குப் பயம் வந்தது. பிப்ரவரி பதினைந்துக்குள் வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

"அண்ணனுக்கு. ஃபுட் பாய்சன்."

"ரெண்டு மாசமாவா?" என்றார்.

ஜனவரி 28

கரும்புகை அவனுக்குப் பிடிக்கவில்லை. "டீசல் வண்டி மாதிரி இருக்கு," என்றான். அதனால் பழைய மேப்பை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஐந்து நாள் வேலை. நாலுவரை ஒவ்வொரு கட்டத்தையும் ரோட்டில் ஓட்டி ஓட்டிச் சரிபார்த்தேன். இப்போது வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. இதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை.

ஐந்துக்கு மேலே உள்ள கட்டங்களில் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தின் எண்களையே இழுத்து மேலே வரை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் முள் போகப்போவதில்லை.

பிப்ரவரி 3

சிவப்பு ஸ்பிரிங் என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. இன்று எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்வரை போனேன். அண்ணன் டயரைத் துடைத்துக்கொண்டே விசிலடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து டப்பாவில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 7, கோயம்புத்தூர்

ஒரு விஷயம் எனக்குத் தெரியும். பொய் சொன்ன அன்று அது நினைவுக்கு வரவில்லை. காற்று கம்மி என்பதால்தான் நாலு என்றால், மலை இறங்க இறங்க முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். வால்வு பிடித்து நிறுத்தினால் மட்டும்தான் எந்த உயரத்திலும் அதே நாலு இருக்கும். முதல் கொண்டை ஊசி வளைவில் இது உறைத்தது. அதற்கப்புறம் திரும்பிப் போக வழியில்லை.

போஜன் லாரியில் டயரும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். காட்டேரிக்குக் கீழே ரோடு காலியாக இருந்த ஒரு துண்டில் அண்ணன் இரண்டாம் கியரில் அழுத்தினான்.

"நாலு."

"இன்னும் மலைதானே," என்றேன்.

பர்லியாரில் பழக்கடைகளைத் தாண்டியதும் மறுபடி. குரங்குகள் தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காது அடைத்துக்கொண்டது, அவ்வளவு இறங்கிவிட்டோம்.

"நாலு."

ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். கல்லாறு பாலத்துக்கு அப்புறம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் ரோடு நேராகப் போகிறது. சமவெளி வந்தாகிவிட்டது. மூன்றாம் கியரில் இன்ஜினின் கடைசிவரை இழுத்தான். பெல்ட் ஊளையிட்டது. முள் நாலைத் தொட்டு, அங்கே ஆணி அடித்த மாதிரி நின்றது.

அவன் முள்ளைப் பார்த்தான். பிறகு முன்சக்கரத்துப் பக்கம், ரப்பர் குழாய் இறங்குகிற இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினான்.

போஜனின் லாரி வந்து பக்கத்தில் நின்றது. "என்னடா, ஆஸ்துமா சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு," என்றான் அண்ணன்.

எனக்கு ஓர் இளநீர் வாங்கிவந்தான். "குடி. வெயில் ஒத்துக்காது உனக்கு." அவ்வளவு அன்பாகச் சொன்னான். வழுக்கையைச் சுரண்டித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் திரும்பக் கொடுத்தான்.

இப்போது லாட்ஜில் இருக்கிறேன். அவனும் போஜனும் பக்கத்து அறையில் டிவி பார்க்கிறார்கள். போய்ச் சொல்லிவிடலாம். என்ன வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இவ்வளவு வாசித்தும் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 8

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

டிராக்கில் இருபது வண்டிகள் இருந்திருக்கும். காலையிலேயே தார் சுட்டது. அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். கண்ணாடியை மேலே தூக்கினான்.

"சுகி. மேப் மேல வரைக்கும் எழுதியிருக்கியா?"

எழுதவில்லை என்று சொன்னால் ஏன் என்பான். ஏன் என்றால் ஸ்பிரிங். ஸ்பிரிங் இருக்கிறவரை நாலைத் தாண்டாது, எழுதாதது எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

"எழுதியிருக்கேன்."

"பத்து வரைக்கும்?"

"ம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. "சரி," என்று கண்ணாடியை இறக்கினான்.

முதல் சுற்று மெதுவாகப் போனான். இரண்டாவது சுற்றில் நேர்த்துண்டில் வரும்போது அந்த ஊளை கேட்டது. நாலில் நிற்கும் ஊளை எனக்கு மனப்பாடம். இது அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இருபது இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். போஜன் திரும்பி, "சூப்பரா போறான்ல?" என்றான்.

மூன்றாவது சுற்று. எனக்கு முன்னால் அவன் கடந்தபோது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். இன்ஜினுக்குள் பெட்ரோல் போதாமல் கண்ட நேரத்தில் வெடிக்கிற சத்தம். பிறகு ஒரு தட்டல். பிறகு வெள்ளைப் புகை. வண்டி தானாக உருண்டு புல்லில் போய் நின்றது.

நாங்கள் ஓடிப் போனபோது பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். வால்வுக்குச் சேதி சொல்லும் அந்தச் சின்ன ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகிக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் வால்வுக்குத் தெரியாது. கிளிப்பை எவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருந்தான்.

"எப்ப?" என்றேன்.

"காலைல. நீ குளிக்கப் போனப்ப."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ?"

போஜன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நெழலுக்கு வந்து பேசுங்களேன். சூடாறட்டும்," என்றான். யாரும் நகரவில்லை.

"எவ்வளவு போச்சு?" என்றேன்.

"பதினொண்ணு. பாத்தேன்." அவன் குரல் சாதாரணமாக இருந்தது. ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாக இருந்தது. "ஸ்பிரிங்கு விஷயம் கல்லாறுலயே புரிஞ்சிருச்சு. நீ பயந்திருப்ப, அம்மா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். கோவம்கூட வரல சுகி. அதான் உங்கிட்ட கேட்டேன். எழுதலன்னு சொல்லியிருந்தா போல்ட்டைப் புடுங்கிட்டு நாலுலயே ஓட்டியிருப்பேன்."

"அண்ணா..."

"ஒரு பொய் சொல்லியிருந்தாலும், இன்ஜினே போயிடுற விஷயத்துல நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்."

போஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணன் கையை நீட்டிச் சுற்றிலும் காட்டினான். வளைவுகளுக்கு வெளியே பச்சையும் காய்ந்ததுமாகப் புல், அதற்கு அப்பால் அடுக்கிவைத்த டயர்கள், அதற்கு அப்பால் வேலி. எங்கும் பள்ளம் இல்லை.

"எங்க போய் விழுந்துருவேன்னு நெனச்ச? அழுத்தணும், ஆனா விழக்கூடாது. அதுக்குத்தானே இந்த எடத்தைத் தேடிப் பேர் குடுத்தேன்."

பிப்ரவரி 9

வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு மலை ஏறினோம். முன்சீட்டில் மூன்று பேர். போஜன் முதலில் ஏதேதோ பேசினான்: கேரட் மண்டி, யானை வந்தது, யாருடைய கல்யாணம். பிறகு அவனும் நிறுத்திவிட்டான். ஏற ஏறக் குளிர்ந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

அம்மா கேட்டில் நின்றிருந்தாள். கயிறு கட்டிய வண்டியைப் பார்த்தாள். முதலில் என்னைத்தான் கேட்டாள். "வேகமாப் போகலைல்ல?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் அண்ணன் சொன்னான். "இல்லம்மா. சுகி நல்லாப் பாத்துக்கிட்டா."

பிப்ரவரி 10

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனையில் அலுமினியத் துளிகள் ஒட்டியிருக்கின்றன. பிஸ்டன் உருகியிருக்கிறது. இரண்டாவது சிலிண்டர். மற்றதைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 11

சுவர்ப் பக்கம். தட்டு, நாற்காலி, பூனை.

பிப்ரவரி 13

போஜன் வந்து ஷெட் வாசலில் நின்றான். "பழைய இன்ஜின் ஒண்ணு ஊட்டில கெடக்கு. சொன்னா தூக்கிட்டு வரேன்."

நான் உள்ளே போய்க் கட்டிலருகே நின்று அதைச் சொன்னேன். பேரிங் பற்றிச் சொன்ன அதே இடத்தில் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். சுவரிலிருந்து குரல் வரவில்லை.

வெளியே வந்து, "வேண்டாமாம்," என்றேன்.

"வேண்டாம்னு சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல."

போஜன் செருப்பால் தரையில் கோடு கிழித்தான். "உன் மேல தப்பில்ல தங்கச்சி," என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 16

நேற்றோடு ஆபீஸ் கெடு முடிந்தது. பதில் எழுதவில்லை. நான் அவனைத் தடுத்தேனா, அவன் பிடித்திருந்த ஒன்றைப் பிடுங்கினேனா என்று யோசித்தபடி பாத்திரம் துலக்கினேன். அந்த இடிந்த வளைவில் அவன் டிரம்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். டிரம்கள் இருக்கின்றனவே என்று பார்த்திருக்கலாம். நான் அவனைக் கேட்டிருக்கலாம். என்ன பார்க்கிறாய் அண்ணா என்று, மூன்றே சொல்.

பிப்ரவரி 19

காலையில் எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் தாடி. அன்று கேட்டில் அம்மாவிடம் சொன்னதற்குப் பிறகு அவன் பேசியது இதுதான்.

"பாத்ரூம் தாழ்ப்பாள் எங்க?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. "மரம் உளுத்து..."

"உளுக்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. நீ சொல் என்றது. சொல்லாதே என்றும் சொன்னது. பீரோ சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. டிராக்கில் கண்ணாடியை மேலே தூக்கிக் கேட்ட அதே கண்களால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடும்மா," என்றேன்.

"சுகி..."

"குடும்மா."

தாழ்ப்பாள் ஒரு கைக்குட்டைக்குள் சுற்றி, பைபிளுக்குப் பக்கத்தில் இருந்தது, நாலு ஸ்க்ரூவோடு. பக்கத்திலேயே கத்திகளும் இருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. ஷெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து, பழைய ஓட்டைகளிலேயே வைத்து முடுக்கினான். இரண்டு முறை இழுத்து, தள்ளிப் பார்த்தான். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

தண்ணீர் வாளியில் விழுந்தது. நானும் அம்மாவும் கூடத்தில் நின்றோம். பிறகு தண்ணீர் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை.

"அண்ணா," என்றேன்.

பதில் இல்லை.

"எபி அண்ணா!"

"இருக்கேன்."

எரிச்சலா, களைப்பா, வேறென்னவா, கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 24

ஒரு நாளைக்கு ஒரு முறை அந்தக் கதவு சாத்தப்படுகிறது. ஒரு முறை நான் கூப்பிடுகிறேன். "இருக்கேன்" என்கிறான். அவன் என்னிடம் பேசுவது அது ஒன்றுதான். சாப்பாட்டின்போது இல்லை, மாத்திரை வாங்கும்போது இல்லை.

இன்று காலை கூப்பிடவில்லை. கூப்பிடப் போவதில்லை என்று அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். குக்கர் விசில் அடிக்கப்போகிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டாள், உள்ளே இருந்து வருகிற சத்தம் கேட்க வேண்டும் என்று.

கதவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. இன்னும் கேட்கிறது.